காலடி மண்

வெளியே சென்று திரும்பியவர் வாயிலில் மிதியடியைக் கழற்றி வைத்து, கால் கழுவிய பின்னரே வீட்டினுட் புகுதல் நம்மவர் வழக்கம். இளமையில் என் பாட்டியார் இதில் மிகக் கண்டிப்பாக இருப்பார். “கால் கழுவினாயா?” என்று கேட்பார். கழுவாமலே “கழுவினேன்” என்று சொல்லி உள்ளே ஓடிய நாள்களும் உண்டு. தரையிற் பதிந்த அடிச்சுவடு என்னைக் காட்டிக் கொடுத்துவிடும். ஐம்பது ஆண்டுகட்குப் பின்னர், கடல் கடந்த ஆஸ்திரேலிய நாட்டில், அதே பொய்யை மீண்டும் ஒருமுறை சொன்னேன். அதனால் நேர்ந்ததை ஒளிக்காமல் ஈண்டு எழுதுகின்றேன்.

என் மகள் விக்டோரியா மாநிலத்தின் தலைநகராகிய மெல்போர்னில் வாழ்கின்றாள். ஒரு சித்திரைத் திங்களில் அவள் இல்லத்திற் சென்று தங்கியிருந்தேன். இங்கே வெயில் கொளுத்தும் அத்திங்கள் ஆங்கே இலையுதிர் காலம். பள்ளி விடுமுறை வந்தது. மகளும், மருமகனும், பத்து வயதுப் பேரனும், யானுமாக நால்வரும் காரில் ஏறி மேற்றிசை நோக்கிப் புறப்பட்டோம். ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தொலைவில் கிராம்பியன்ஸ் என்னும் மலைத்தொடர் உளது. அதன் அடிவாரத்தில் ஹால்ஸ் கேப் என்னும் சிற்றூரில் இரவு தங்கினோம். விடியலிற் கதவைத் திறந்தேன். எதிரிலிருந்த புல்வெளியிற் கங்காருக்கள் பத்துப் பன்னிரண்டு, நம்மூர் ஆடுகளைப் போல மேய்ந்துகொண்டிருந்தன. யான் இருமினேன். ஒன்று மட்டும் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு, மீண்டும் மேயத் தலைப்பட்டது.

1836ஆம் ஆண்டில் தாமஸ் மிட்செல் என்னும் நில அளவையாளர் இம்மலையைக் கண்டு, தாம் பிறந்த ஸ்காட்லாந்து நாட்டு மலை ஒன்றின் பெயரை இதற்கு இட்டார். அதற்கு முன் மலை பெயரின்றி இருந்ததன்று. பல்லாயிரம் ஆண்டுகளாக அந்நிலத்திற்குரிய ஜாப் வுருங், ஜார்ட்வாட்ஜாலி என்னும் தொல்குடி மக்கள் அதனைக் காரிவெர்ட் என்று வழங்கினர். இன்று இரு பெயர்களும் வழக்கில் உள்ளன. அம்மக்கள் காவிக்கல்லாலும் வெண்களிமண்ணாலும் தீட்டிய ஓவியங்களைப் பாறைக் குடைவுகளில் இன்றும் காணலாம். மலையின் பாறை மணற்கல். ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகட்கு முன்னர்ப் படிந்த மணல் இறுகிக் கல்லாகிப் பின்னர் ஒருபாற் சாய்ந்தெழுந்தது. ஆதலின் மலைத்தொடர் ஒருபுறம் மெல்லச் சரிந்தும், மறுபுறம் சுவர் போலச் செங்குத்தாகவும் நிற்கின்றது. 1984ஆம் ஆண்டு முதல் இது தேசியப் பூங்காவாகப் பேணப்பட்டு வருகின்றது.

மனிதர் உழுது திருத்தாத காட்டு நிலத்தை அந்நாட்டார் ‘புஷ்’ என்பர். அதனூடே நடந்து செல்லுதல் ‘புஷ்வாக்கிங்’ எனப்படும். விறகுக்கோ, தேனுக்கோ, கோயிலுக்கோ செல்லும் நடையன்று அது, நடத்தற்காகவே நடத்தல். நம்மூரில் இதனைச் சொன்னால், ‘வேறு வேலை இல்லையா?’ என்று கேட்பர். யானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஆயின் அவர்கள் அதனை விளையாட்டாகக் கொள்வதில்லை. குடிநீர், வழிப்படம், மழையுடை ஆகியவற்றை எடுத்துக்கொள்கின்றனர். எவ்வழியே சென்று எப்பொழுது திரும்புவோம் என்பதை ஊரில் ஒருவரிடம் சொல்லிச் செல்கின்றனர்.

நடைவழியின் தொடக்கத்திற் காரை நிறுத்தினோம். மகள் காரின் பின்புறத்திலிருந்து ஒரு முரட்டுத் தூரிகையையும், எரிசாராயம் நிறைந்த ஒரு தெளிப்பானையும் எடுத்தாள். “அப்பா, காலணியின் அடிப்பக்கத்தை நன்றாகத் தேய்த்து மண்ணை நீக்கி, இதனைத் தெளித்துக்கொள்ளுங்கள்” என்றாள். பேரன் கற்படியில் அமர்ந்து, பல் துலக்குவான் போலத் தன் காலணியைத் தேய்த்தான். எனக்கோ குனிதல் அரிது. பிறர் முன்னிலையிற் காலணி தேய்க்க நாணமும் இருந்தது. காட்டிற்குள் மண்ணோடு செல்லலாகாது என்றால் பின் எதனோடு செல்வது என்று உள்ளே நகைத்தேன். காரின் மறுபுறம் சென்று, மேலிருந்த தூசியை இருமுறை தட்டினேன். “துடைத்தீர்களா, அப்பா?” என்று மகள் கேட்டாள். “துடைத்தேன், அம்மா” என்றேன்.

வழி மேல்நோக்கிச் சென்றது. ‘பினக்கிள்’ என்னும் பாறை முனைக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர் ஏற வேண்டும். முதலிற் பாறைப் படிகளாலான ஒரு பள்ளத்தாக்கு. அதனைக் கடந்து ஏறினால், இருபுறமும் பாறை நெருங்கி, ஒருவர் பின் ஒருவராகவே செல்லத்தக்க இடுக்கு. அதற்கு ‘அமைதித் தெரு’ எனப் பெயரிட்டுள்ளனர். பெயரிட்டவர் என் பேரனைக் கண்டவர் அல்லர். உச்சியில் இருப்பு வேலி கட்டிய பாறை முனையில் நின்றபோது காற்று மேற்றுண்டைப் பறித்தது. கீழே ஹால்ஸ் கேப் ஊரும், பெல்ஃபீல்ட் ஏரியும், அவற்றிற்கு அப்பால் மஞ்சள் நிறச் சமவெளியும் கிடந்தன. அச்சமவெளியில் ஆங்காங்கே சீப்பால் வாரியது போன்ற கோடுகள் தெரிந்தன. “அவை திராட்சைத் தோட்டங்கள், மாமா, பிற்பகல் அங்கேதான் செல்லப் போகிறோம்” என்றார் மருமகன்.

வழியெங்கும் நின்ற மரங்களிற் பல எனக்கு அறிமுகமானவையே. நீலகிரியில் நாம் தைலமரம் என்று சொல்லும் யூக்கலிப்டஸ் இந்நாட்டுக் காட்டு மரம். 19ஆம் நூற்றாண்டில் அங்கிருந்தே நம் மலைக்கு வந்தது. நம் வேலமரத்தின் இனமாகிய வாட்டில் மரமும் நிறைந்திருந்தது. சில தைலமரங்களின் அடிப்பக்கம் கரிந்திருந்தது. 2006ஆம் ஆண்டு சனவரியில் மின்னல் மூட்டிய தீ இப்பூங்காவின் பாதியளவைச் சுட்டெரித்தது. தீப்பட்ட மரத்தின் பட்டைக்கடியில் உறங்கிக் கிடக்கும் மொட்டுகள் விழித்து, அடிமரம் முழுதும் தளிர்விட்டு, மரம் பிழைத்துக்கொள்கின்றது. யான் சென்று வந்த பின்னரும், 2024 டிசம்பரில் மூண்ட தீ ஏறத்தாழ 76,000 ஹெக்டேர் நிலத்தை எரித்ததாகப் படித்தேன். தீயைத் தாங்கப் பழகிய காடு அது.

இறங்கும் வழியிற் புல்மரம் என்னும் விந்தையான செடிகளைக் கண்டேன். கரிய தூண் போன்ற அடிமரம். அதன் தலையிற் கோரைப்புற் குடுமி. மிக மெல்ல வளர்வது. ஆளுயரம் வளர நூறாண்டும் ஆகலாமாம். தீயில் எரிந்தாலும் மீண்டும் துளிர்க்கும். தீயின் பின்னர் முன்னிலும் மிகுதியாகப் பூக்கும். இதன் பிசினைக் கொண்டு தொல்குடியினர் ஈட்டிக்கு முனை பொருத்தினர். அவற்றுள் ஒன்று மட்டும் குடுமி பழுத்துச் சாய்ந்து, பாவாடை போல் தொங்கி நின்றது. “இதனையும் தீயா சுட்டது?” என்றேன்.

“தீயன்று, அப்பா. எதனால் என்று ஆய்ந்தவர்தாம் சொல்ல வேண்டும். ஆனால் காலணியைத் தேய்க்கச் சொன்னது இதற்காகத்தான்” என்றாள் மகள். பிறகு அவள் விளக்கினாள். பைட்டோப்தோரா சின்னமோமி என்று ஓர் நுண்ணுயிர் உண்டு. முதற்சொல்லுக்குக் கிரேக்க மொழியிற் ‘செடியழிப்பான்’ என்பது பொருள். சுமத்ராத் தீவில் இலவங்கப்பட்டை மரங்களிற் கண்டறிந்து, 1922ஆம் ஆண்டில் அதனை விவரித்தமையால் இரண்டாம் பெயர் அமைந்தது. ஈரமண்ணில் நீந்திச் சென்று வேரைத் தின்னும். வேர் அழுகிய செடி, நீர் நிறைந்த நிலத்தில் நின்றும் நீர்வேட்கையால் மடியும். காடு முழுவதிலிருந்தும் அதனை நீக்கும் மருந்து இன்னும் இல்லை. நுழைந்த இடத்தில் அது நிலைத்துவிடும். ஒரு பள்ளத்தாக்கிலிருந்து இன்னொன்றிற்கு அதனைச் சுமந்து செல்வன வண்டிச் சக்கரங்களும், விலங்குகளின் குளம்புகளும், நடப்போர் காலணிகளும் ஆகும். ஒரு சிமிழளவு சேறு போதும்.

என் நெஞ்சு சுருக்கென்றது. அப்பொழுதேனும் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லிற்றிலேன். பேரன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நண்பகலில் மலையை விட்டிறங்கிச் சமவெளிச் சாலையிற் சென்றோம். ஓரிடத்தில் மருமகன் தொலைபேசியிற் பேசுவதற்காகக் காரை நிறுத்தினார். சாலையை அடுத்து, வேலியில்லாத சிறு திராட்சைத் தோட்டம். அறுவடை முடிந்த கொடிகள். இலைகள் செம்மையும் பொன்மையுமாகப் பழுத்திருந்தன. திராட்சைக்குக் கொடிமுந்திரி என்பது பழைய தமிழ்ப்பெயர். அதன் இலையைக் கையில் ஏந்திப் பார்க்க வேண்டும் என்னும் ஆவலால் யான் இறங்கி இரு வரிசைகளுக்கிடையே நடந்தேன். பதினைந்து இருபது அடி சென்றிருப்பேன்.

“ஐயா, அங்கேயே நில்லுங்கள்! ஓரடியும் எடுத்து வைக்க வேண்டா!”

ஆங்கிலத்தில் அவ்வாறு கூவியவர் வைக்கோல் தொப்பி அணிந்த ஒரு மூதாட்டியார். விரைந்து வந்தார். கடிந்து பேசுவார் என எதிர்பார்த்தேன், பேசவில்லை. கேள்வியே கேட்டார். “இந்தக் காலணியோடு இதற்கு முன் வேறு திராட்சைத் தோட்டம் எதிலேனும் நடந்ததுண்டா?” இதற்குள் மகளும் மருமகனும் வந்துவிட்டனர். “இல்லை” என்று மகள் வாய் திறக்குமுன் யான் சொன்னேன்: “உண்டு. சென்ற வாரம், யாரா பள்ளத்தாக்கில்.” மகள் திரும்பி, “இன்று காலையில் தேய்த்துவிட்டீர்கள் அல்லவா, அப்பா?” என்றாள். “இல்லை, அம்மா. தேய்த்ததாகச் சொன்னேன்” என்றேன்.

யாரா என்னும் பெயரைக் கேட்டதும் மூதாட்டியார் முகம் மாறிற்று. காரணத்தை யான் பின்னரே அறிந்தேன்.

என்னை நின்ற இடத்திலேயே காலணிகளைக் கழற்றச் செய்து, ஒரு நெகிழிப் பையில் இட்டுக் கட்டினார். வெறுங்காலோடு சாலைக்கு வந்தேன். அந்நாட்டு மண்ணை என் உள்ளங்கால் தீண்டியது அதுவே முதன்முறை. சாலையோரத்தில் இரு தட்டங்களைக் கொணர்ந்தார். முதல் தட்டத்து நீரிற் காலணியைத் தோய்த்து, அடிப்பக்கத்து வரிப்பள்ளங்களிற் சிறு குச்சியை விட்டு மண்ணைக் கிளறி எடுத்தார். மலைப்பாதையின் மணற்சேற்றுக்கு உள்ளே, இறுகிக் காய்ந்த செம்பழுப்பு மண் ஒன்று தனியாகப் பெயர்ந்து வந்தது. அதனை அவரும் பார்த்தார், யானும் பார்த்தேன். பிறகு 2 விழுக்காடு சோடியம் ஹைப்போகுளோரைட் கலந்த நீரில் 60 நொடிகள் கடிகாரம் பார்த்து ஊற வைத்தார். மண்ணை நீக்காமல் மருந்தில் மட்டும் தோய்த்தாற் பயனில்லை என்று சொன்னார். முடிந்ததும் வரிசையின் முனைக்குச் சென்று, அங்கிருந்த எண்ணைப் பார்த்து, குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். “ஒன்பதாம் வரிசை” என்றார். “இக்கொடிகளை நட்டவர் என் தந்தையார்.”

அவர் அஞ்சியது பைலாக்சரா என்னும் பூச்சியை. ‘காய்ந்த இலை’ என்பது இச்சொல்லின் பொருள். மஞ்சள் நிறம், ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியது, வேரில் ஒட்டிச் சாற்றை உறிஞ்சும். வட அமெரிக்காவிற் பிறந்தது. அந்நாட்டுக் காட்டுத் திராட்சை அதனோடு பழகி வாழக் கற்றுக்கொண்டது. ஐரோப்பியத் திராட்சையோ அதன் முன் நிற்கமாட்டாது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பிரான்சு நாட்டின் திராட்சைத் தோட்டங்கள் பெரும்பாலும் இதனால் அழிந்தன. இறக்கும் கொடிகளின் வேரில் இப்பூச்சி இருத்தலை அந்நாட்டு அறிஞர் 1868ஆம் ஆண்டிற் கண்டனர். ஒன்பது ஆண்டுகளில், 1877ஆம் ஆண்டு, அது விக்டோரியாவின் ஜீலாங் நகர்ப்புறத்திற் கண்டுபிடிக்கப்பட்டது. அரசினர் ஆணையால் அங்கிருந்த கொடிகளை வேரோடு பிடுங்கினர். பூச்சி பற்றிய கொடியைப் பிழைக்க வைக்கும் மருந்து இன்றளவும் இல்லை. பிடுங்கி எறிந்துவிட்டு, அமெரிக்க வேரின்மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டி மீண்டும் நடுவதொன்றே வழி. 2006ஆம் ஆண்டில் யாரா பள்ளத்தாக்கிலும் அது தென்பட்டது. அப்பூச்சி உணவின்றியும் சில நாள் உயிர்வாழும். காலணிச் சேற்றில் அமர்ந்து ஊர் விட்டு ஊர் செல்லும்.

அரசு வகுத்த எல்லைகளும், வழிகளில் அறிவிப்புப் பலகைகளும் உண்டு. அத்தோட்டத்தின் முகப்பிலும் ஒன்று இருந்தது. பண்டிதன் என்று பெயர் பெற்ற யான் அதனைப் படித்திலேன். மெல்போர்ன் விமான நிலையத்தில் வந்திறங்கிய அன்று, மண் ஒட்டிய பொருள் உண்டா என்று அச்சிட்டிருந்த அட்டையிலும் ‘இல்லை’ என்று பாராமலே குறியிட்டவன் யான்.

“இப்பொழுது அச்சம் நீங்கிற்றா?” என்று மருமகன் அம்மூதாட்டியாரைக் கேட்டார். “தெரியாது” என்றார் அவர். “பூச்சி வந்திருந்தாலும் கொடி உடனே காட்டாது. சில ஆண்டு பசுமையாகவே நிற்கும். பிறகு ஓரிடத்தில் இலை முன்னதாகப் பழுக்கும். யான் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.” எங்களுக்கு ஆளுக்கு ஒரு குவளை திராட்சைச்சாறு கொடுத்து அனுப்பினார். அச்சாறு என் தொண்டையில் இறங்க மறுத்தது.

அங்கிருந்து கிரேட் வெஸ்டர்ன் என்னும் சிற்றூரை அடைந்தோம். ஒயின் ஆலைகளாற் பெயர் பெற்றது அவ்வூர். மது அருந்தும் வழக்கம் எனக்கு இல்லை. அதனைப் புகழ்தலும் என் கருத்தன்று. ஆயினும் அவ்வூர் வரலாறு அறியத்தக்கது. 1850களில் இப்பகுதியிற் பொன் கிடைத்தது. அண்மையிலுள்ள அரராட் நகரத்துப் பொற்களத்தை 1857ஆம் ஆண்டிற் கண்டவர் சீனத்து வழிநடையர். சீனர் ஒவ்வொருவரும் 10 பவுன் வரி செலுத்தினாலன்றி விக்டோரியாத் துறைமுகங்களில் இறங்கலாகாது என்று 1855ஆம் ஆண்டிற் சட்டம் வந்தமையின், அவர்கள் அடுத்த மாநிலத்தில் ரோப் என்னும் துறையில் இறங்கி, பல நூறு கிலோமீட்டர் கால்நடையாகவே வந்தனர். காலணி நடையைப் பற்றிப் பெருமை பேச எவருக்கேனும் உரிமை உண்டெனில், அது அவர்களுக்கே உண்டு.

பொன் குறைந்து வேலையிழந்த சுரங்கத் தொழிலாளரை அழைத்து, ஜோசப் பெஸ்ட் என்பவர் 1868ஆம் ஆண்டு முதல் நிலத்தடியில் ஒயின் வைக்கும் சுரங்கங்களைத் தோண்டச் செய்தார். அவை ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளம் கிளைத்துக் கிடக்கின்றன. மேலே வெயிலாயினும் குளிராயினும் உள்ளே ஒரே தட்பம். சுவர்களிற் கரிய பூஞ்சை கம்பளம் போலப் படர்ந்திருந்தது. தங்கம் தேடிய உளியின் தடம் அதனூடே தெரிந்தது. அவ்வாலையில் 2016ஆம் ஆண்டோடு ஒயின் வடித்தல் நின்றுவிட்டது.

சுவை பார்க்கும் கூடத்தில் ஒன்று கண்டு வியந்தேன். தேர்ந்தவர் சிலர் ஒயினை வாயில் இட்டு, நாவிற் புரட்டி, விழுங்காமல் ஒரு கலத்தில் உமிழ்ந்துவிடுகின்றனர். நம் சங்கப் புலவர் ‘தேறல்’ என்று ஒரு சொல்லை ஆண்டுள்ளனர். தேறுதல் என்றால் தெளிதல். கசடு நீங்கித் தெளிந்ததே தேறல். உமிழ்வோரைக் கண்டபோது, தேறலைச் சுவைத்தும் தாம் தெளிவாகவே இருக்க விரும்பும் மாந்தரும் உளர் என்று எண்ணிக்கொண்டேன். 100 மில்லிலிட்டர் குருதியில் 0.05 கிராமும் அதற்கு மேலும் மது கலந்திருப்பின் அம்மாநிலத்திற் காரோட்டுதல் குற்றம். மருமகன் ஒரு துளியும் தீண்டிற்றிலர். “இன்று சாராயம் பட்டிருக்க வேண்டியது தாத்தாவின் காலணி மட்டும்தான், அதுவும் பட்டதில்லை” என்றான் பேரன். நகைத்தற்கு எனக்கு மனமில்லை; ஆயினும் நகைத்தேன்.

ஜோசப் பெஸ்டின் தம்பியார் ஹென்றி பெஸ்ட் 1866ஆம் ஆண்டிற் கொங்கொங்கெல்லா என்னும் தோட்டத்தை அமைத்தார். அங்கே 1868ஆம் ஆண்டில் ஏறத்தாழ 40 வகைக் கொடிகளை ஒரு பாத்தியில் நட்டு வைத்தார். பிரான்சில் பூச்சியைக் கண்ட அதே ஆண்டு அது. ஐரோப்பாவிற் பூச்சி பரவாமுன் அங்கிருந்து வந்த கொடிகளின் வழித்தோன்றல்கள் அவை. ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் ஜீலாங்கில் வேரோடு பிடுங்கியபோதும் இவை தப்பின. இன்றும் ஒட்டுக்கட்டாத தம் சொந்த வேரிலேயே நிற்கின்றன. அவற்றுட் சிலவற்றின் இனம் எதுவென இன்றுவரை எவரும் அறியார். உலகில் வேறெங்கும் எஞ்சாதனவாகவும் இருக்கலாம். முறுக்கிய கரிய அடிமரங்கள்; ஒவ்வொன்றும் ஒரு முதியவரின் முழங்கை போலிருந்தது.

வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். “தாத்தா, இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாமே? உங்கள் காலணியைத்தான் அந்தப் பாட்டி கழுவிவிட்டார்களே!” என்றான் பேரன். “இங்கிருந்தே நன்றாகத் தெரிகிறது, தம்பி” என்றேன். உண்மையில் அவ்வளவு நன்றாகத் தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தேன்.

அதன்பின் மூன்று முறை அக்கொடிகள் துளிர்த்துவிட்டன. மூதாட்டியாரின் முகவரியை மகள் அன்றே வாங்கி வைத்திருந்தாள். ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் அவருக்கு ஒரு மடல் எழுதுகின்றாள்; அவரும் விடையெழுதுகின்றார். முதலாண்டின் விடை ஒரே வரி. இரண்டாம் ஆண்டும் அவ்வாறே. இவ்வாண்டு வந்ததை மகள் தொலைபேசியிற் படித்துக் காட்டினாள். ஒன்பதாம் வரிசை மற்ற வரிசைகளோடு ஒத்தே பழுத்ததாம். குறிப்பேட்டில் அவ்வரிசையின் எண்ணை அவர் இன்னும் அடிக்கவில்லையாம்.